நீரில் மூழ்கி எழுந்த புத்தர்

ஹைதராபாத் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் ஊர் பார்க்கிறார்கள். காலையில் நௌபத் பஹாட் குன்றின் மேல் வெள்ளைச் சலவைக்கல்லில் எழுந்துள்ள பிர்லா மந்திரில் பெருமாள் தரிசனம். பிறகு சாலார்ஜங் மியூசியம், சார்மினார். மாலையில் ஹுசேன் சாகர் ஏரிக்கரை. லும்பினி பூங்காவில் டிக்கெட் வாங்கிப் படகில் ஏறி, ஏரி நடுவே நிற்கும் புத்தரைப் பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினால் அன்றைய சுற்றுலா முடிந்தது.

நானும் இரண்டு முறை அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது முறை, ஒரு குடும்பக் கல்யாணத்துக்காகச் சென்றபோது, செகந்திராபாத்தில் இருக்கும் என் அத்திம்பேரை உடன் அழைத்துக்கொண்டு போனேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகுத்துறையில் நிற்கும்போது அவர் சொன்னார்: "நாப்பது வருஷத்துக்கு மேல இந்த ஊர்ல இருக்கேன். இந்தப் படகுல ஏறினதே இல்லை. நீ கூப்பிட்டியேன்னுதான் வரேன்."

"ஏன் அத்திம்பேர்?" என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளப் போய், அந்தச் சிலையின் வரலாற்றையே தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. அதை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஊருக்கு மூத்த ஏரி

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹைதராபாத் நகரம் நிர்மாணிக்கப்பட்டது 1591-ல். ஹுசேன் சாகர் வெட்டப்பட்டதோ அதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கோல்கொண்டாவை இப்ராஹிம் குலி குதுப் ஷா ஆண்ட காலத்தில். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹுசேன் ஷா வலியின் பெயரே ஏரிக்கு நிலைத்துவிட்டது. ஆக, இங்கே ஊருக்காக ஏரி வெட்டவில்லை. ஏரி இருந்தது, ஊர் பின்னால் வந்தது.

பின்னர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் உருவாயிற்று. ஏரியின் கரையே இரண்டு நகரங்களையும் இணைக்கும் பாதையாயிற்று. அதுதான் இன்றும் 'டாங்க் பண்ட்' எனப்படும் சாலை. நம் கிராமங்களில் ஏரிக்கரை மேல் நடந்து அடுத்த ஊருக்குப் போவோமே, அதே சங்கதிதான். அளவு மட்டும் பெரிது.

ஒரு முதல்வரின் ஆசை

1983-ல் ஆந்திரப் பிரதேசத்தின் முதல்வரானவர் என்.டி. ராமராவ். திரையில் ராமனாகவும் கிருஷ்ணனாகவும் தெலுங்கு மக்கள் மனத்தில் பதிந்தவர். அமெரிக்கா சென்றிருந்தபோது நியூயார்க் துறைமுகத்தில் உள்ள சுதந்திரதேவி சிலை அவரை மிகவும் கவர்ந்தது. நீர் நடுவே நிற்கும் அப்படி ஒரு சிலை தம் தலைநகரத்திலும் வேண்டும் என்று விரும்பினார்.

யாருக்குச் சிலை என்பதில் அவர் புத்தரைத் தேர்ந்ததற்கு அந்த மண்ணிலேயே நியாயம் உண்டு. கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியும் நாகார்ஜுனகொண்டாவும் பௌத்தத்தின் பெரும் நிலையங்களாக விளங்கியவை. நாகார்ஜுனசாகர் அணைக்கு 1955 டிசம்பரில் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கப்போகிறது என்பதால் 1954 முதல் 1960 வரை அவசர அவசரமாக அகழாய்வு செய்து, முக்கியமான சின்னங்களை மேலே குன்றுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் குன்றுதான் இப்போது தீவாக இருக்கிறது. புத்தர் தொடர்பான இடம் ஒன்று நீருக்குள் போவதை அந்த மாநிலம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தர் நமக்கும் அந்நியர் அல்லர். ஜயதேவர் கீதகோவிந்தத்தில் தசாவதாரத்தைப் பாடும்போது புத்தரையும் ஓர் அவதாரமாகச் சேர்த்திருக்கிறார். பஜனை சம்பிரதாயத்தில் அஷ்டபதி பாடும் குடும்பங்களுக்கு இது தெரிந்த விஷயம்.

இரண்டு கணபதி ஸ்தபதிகள்

சிலை செய்யும் பொறுப்பு எஸ்.எம். கணபதி ஸ்தபதியிடம் தரப்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், ஆந்திர அரசின் அறநிலையத்துறையில் ஸ்தபதியாகப் பணியாற்றியவர். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை அமைத்தவரும் ஹைதராபாத் புத்தரைச் செய்தவரும் ஒருவரே என்று பலர் நினைக்கிறார்கள். வள்ளுவர் சிலையை அமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் தலைவராக இருந்தவர், 2011-ல் மறைந்தார். இவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி. இருவரும் வேறு வேறு. ஆனால் தண்ணீருக்கு நடுவே நிற்கும் இந்தியாவின் இரண்டு பெரிய கற்சிலைகளும் தமிழ்நாட்டுச் சிற்ப மரபில் வந்தவர்களின் உளியிலிருந்து பிறந்தவை என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

1985-ல் வேலை தொடங்கியது. ஹைதராபாத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், புவனகிரியை அடுத்த ராயகிரி அருகே, பழுதில்லாத வெள்ளைக் கருங்கல் பாறை கிடைத்தது. அந்த ஒரே பாறையில் 58 அடி உயரத்துக்கு, நின்ற திருக்கோலத்தில், வலது கையால் அபயம் காட்டும் புத்தர் உருவானார். எடை சுமார் 350 டன்.

'ஒரே கல்' என்ற இந்த முடிவில்தான் பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை இருக்கிறது. மூன்று சிலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ராமராவ் பார்த்து வியந்த சுதந்திரதேவி சிலை பிரான்ஸில் செய்யப்பட்டது. மெல்லிய செப்புத் தகடுகளால் ஆனது. அதை 350 பகுதிகளாகப் பிரித்து, 214 பெட்டிகளில் அடைத்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி 1885-ல் நியூயார்க்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. அது 3,681 கற்களை அடுக்கிக் கட்டப்பட்டது. கற்களைத் தனித்தனியாகக் கடலைத் தாண்டிப் பாறைக்குக் கொண்டுபோனார்கள்.

ஹைதராபாத் புத்தரோ ஒரே பிண்டம். பிரிக்க முடியாது. போனால் முழுதாகப் போகவேண்டும்.

சிரவணபெளகொளாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 57 அடி கோமடேசுவரரைச் செதுக்கிய சிற்பிகளும் ஒரே கல்லில்தான் செய்தார்கள். ஆனால் மலையுச்சியில் இருந்த பாறையை இருந்த இடத்திலேயே செதுக்கினார்கள். சிலை நகரவே இல்லை. அதைப் பார்க்க ஜனங்கள்தான் மலையேறினார்கள். நம் காலத்திலும் 39 அடி உயர பாகுபலி சிலையைக் கார்க்களாவில் செதுக்கி, 1973-ல் தரை வழியாகவே தர்மஸ்தலாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். கல்லை நகர்த்துவது முடியாத காரியமில்லை. நீரின் மேல் நகர்த்துவதுதான் வேறு கணக்கு.

1990 மார்ச் 10

சிலையைக் கிடத்திப் பல சக்கர வண்டியில் ஏற்றி ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காகச் சாலைகளை அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஏரியின் நடுவே 'ஜிப்ரால்டர் பாறை' என்று வழங்கும் இடத்தில் 15 அடி உயரக் கான்கிரீட் பீடம் தயாராயிற்று. ஏழை மாநிலத்துக்கு இவ்வளவு செலவில் சிலை தேவையா என்ற கண்டனமும் அப்போதே பலமாக எழுந்தது.

இதற்குள் அரசியல் மாறிவிட்டது. 1989 இறுதியில் நடந்த தேர்தலில் ராமராவ் தோற்றார். சென்னா ரெட்டி முதல்வரானார். சிலையை விரும்பியவர் பதவியில் இல்லை; சிலை மட்டும் ஏரிக்கரையில் இருந்தது.

1990 மார்ச் 10, சனிக்கிழமை. புத்தரை ஒரு பெரிய மிதவையில் ஏற்றிப் பீடத்தை நோக்கி நகர்த்தினார்கள். கரையிலிருந்து சிறிது தூரம் சென்றதுமே மிதவை சாய்ந்தது. சிலை சரிந்து ஏரிக்குள் போயிற்று. உடன் சென்றவர்களில் 10 பேர் உயிரிழந்தார்கள்.

பரிசலில் போனவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். ஒருவர் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தால் பரிசல் அந்தப் பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்துக்கே மற்றவர்களும் சரிவார்கள். அதனால் இன்னும் தாழும். தரையில் வண்டி கொஞ்சம் சாய்ந்தால் நிறுத்தி முட்டுக்கொடுக்கலாம். நீரில் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 350 டன் ஒரே கட்டியாக இருக்கும்போது, நகரத் தொடங்கினால் நிறுத்த மனிதக் கைகளால் ஆகாது.

சமுத்திரத்தைத் தாண்டிய சிலை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கரையில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும் பாறைக்குப் போகவேண்டிய சிலை போய்ச் சேரவில்லை.

அத்திம்பேர் படகில் ஏறாததற்குக் காரணம் இதுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் டாங்க் பண்ட் போயிருக்கிறார். கரையெல்லாம் கூட்டம். "எல்லாரும் சிலை எங்க விழுந்துதுன்னு கைகாட்டிப் பேசிண்டிருந்தா. ஒரு பொம்மனாட்டி மட்டும் ஓரமா உக்காந்துண்டிருந்தா. மடியில ஒரு டிபன் காரியர். யாரோடதுன்னு நான் கேக்கலை. கேக்கவும் தோணலை" என்றார். அதன் பிறகு தினமும் அதே வழியாகத்தான் வங்கிக்குப் போய் வந்திருக்கிறார். ஏரியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டிபன் காரியர்தான் நினைவுக்கு வருமாம்.

நீருக்குள் புத்தர்

விழுந்த சிலை உடையவில்லை. ஆனால் ஏரியின் சேற்றில் கிடந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளையார்களை விஸர்ஜனம் செய்யும் ஏரி இது. மண்ணால் செய்த விக்ரஹம் நீரில் கரையவேண்டும் என்பதற்காகவே கரைக்கிறோம். இதுவோ யாரும் செய்ய நினைக்காத விஸர்ஜனம், கரையவும் கரையாது.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் அங்கே இருந்தவர்களுக்கு அது ஒரு விசித்திரமான காலம். ஏரி நடுவே வெறும் பீடம் தெரியும். அதன் மேல் ஒன்றும் இருக்காது. இதற்கிடையில் சென்னா ரெட்டி போய் ஜனார்தன ரெட்டி வந்தார். அவருக்குப் பின் விஜயபாஸ்கர ரெட்டி வந்தார். ராமராவின் சிலை என்று எதிர்க்கட்சி அரசுகள் அதைக் கைவிட்டுவிடவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். பெரும் முயற்சியில் சிலை மேலே எடுக்கப்பட்டு, 1992 டிசம்பர் 1 அன்று பீடத்தில் நிறுத்தப்பட்டது. ஆசைப்பட்டவர் ஆட்சியில் இல்லாதபோதுதான் அவருடைய ஆசை நிறைவேறியது. 1994 இறுதியில் ராமராவ் மீண்டும் முதல்வரானார். 1995-ல் பதவி இழந்தார். 1996 ஜனவரி 18 அன்று காலமானார். அவருடைய நினைவிடம் அதே ஏரிக்கரையில் இருக்கிறது. 2006-ல் தலாய் லாமா வந்து புத்தர் சிலைக்குப் பௌத்த முறைப்படி பிரதிஷ்டைச் சடங்கு செய்தார்.

கரைமேல் நின்றவர்கள்

ராமராவ் ஏரிக்குள் ஒரு சிலை வைக்க நினைத்ததோடு நிற்கவில்லை. 1986-ல் டாங்க் பண்ட் சாலை நெடுகத் தெலுங்கு நாட்டின் சான்றோர்கள் 33 பேருக்குச் சிலை வைத்தார். நன்னய்யா, திக்கனா, போதனா, அன்னமாச்சாரியார், க்ஷேத்ரய்யா, ராமதாசு என்று அந்த வரிசை போகிறது. அதில் நம் திருவையாற்றுத் தியாகய்யரும் இருக்கிறார். ஆங்கிலேயர் ஒருவரும் இருக்கிறார்: ஆர்தர் காட்டன். கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியதற்காக அவருக்குச் சிலை. அதற்கு முன்பே அவர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டியவர் என்பதை நம் திருச்சி, தஞ்சை அன்பர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. டாங்க் பண்டில் நடந்தால் காவேரிக் கரைக்காரர்களுக்கு இரண்டு தெரிந்த முகங்கள் உண்டு.

இந்தச் சிலைகளுக்கும் ஒரு சோதனை வந்தது. தனித் தெலங்கானா கோரிக்கை உச்சத்தில் இருந்த 2011-ல் டாங்க் பண்டில் 'மில்லியன் மார்ச்' என்ற பெரும் பேரணி நடந்தது. தங்கள் பகுதியின் பெரியோர்கள் இந்த வரிசையில் போதிய அளவு இல்லை என்ற மனக்குறை பலருக்கு வெகுநாளாக இருந்தது. அன்று கோபம் கட்டுமீறிப் பல சிலைகள் உடைக்கப்பட்டன. சில ஏரிக்குள்ளேயே தள்ளப்பட்டன. பின்னர் அவை மீண்டும் நிறுவப்பட்டன. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா மாநிலமும் பிறந்தது.

அந்தப் பேரணி நடந்த தேதி மார்ச் 10. புத்தர் ஏரிக்குள் விழுந்த அதே தேதி. இதில் ஜோதிடமோ சகுனமோ பார்க்கவேண்டாம். தேதிகள் சில சமயம் அப்படி அமைந்துவிடுகின்றன. ஆனால் 21 ஆண்டு இடைவெளியில் ஒரே ஏரி, ஒரே நாளில் இரண்டு முறை சிலைகளை வாங்கிக்கொண்டது என்பது நினைவில் நிற்கிறது.

அமைதியின் சின்னம் நிற்கும் இடத்துக்கு அமைதி மட்டுமே வாய்த்தது என்று சொல்ல முடியாது. 2007 ஆகஸ்ட் 25 அன்று, படகு புறப்படும் அதே லும்பினி பூங்காவிலும் நகரின் வேறோர் இடத்திலும் குண்டுகள் வெடித்து 42 பேர் மாண்டார்கள். இன்று பூங்கா வாசலில் நம் பைகளைச் சோதிக்கும்போது முணுமுணுக்காமல் நிற்பது நல்லது.

இன்று பார்ப்பவர்களுக்கு

இப்போது ஏரியருகே இன்னொரு பெரிய உருவமும் எழுந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 14 அன்று டாக்டர் அம்பேத்கரின் 125 அடி உயரச் சிலை, 50 அடிப் பீடத்தின் மேல் திறந்துவைக்கப்பட்டது. ராம் சுதார் வடிவமைத்தது. எஃகுச் சட்டத்தின் மேல் வெண்கலம் போர்த்திக் கட்டியது. நின்ற இடத்திலேயே பகுதி பகுதியாகப் பொருத்தப்பட்டது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், தாம் சரணடைந்த புத்தருக்கு அருகே கரையில் நிற்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. உயரத்தில் புத்தரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் கிட்டே போய் நின்றால் ஒரே கல்லுக்குள்ள கனம் கண்ணுக்கே தெரிகிறது.

போகிறவர்கள் சூரியன் சாயும் நேரத்துக்குச் சற்று முன் படகு ஏறினால் நல்லது. வெளிச்சத்தில் கல்லின் வெண்மையையும் வஸ்திர மடிப்புகளையும் பார்க்கலாம். திரும்பும்போது விளக்கொளியில் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் படகில் ஏறி இறங்கும்போது கவனமாக இருக்கவும். ஏரித் தண்ணீர் சுத்தமானதல்ல; சில நாட்களில் வாடை அடிக்கும். நானூற்றைம்பது ஆண்டுக்கு மேலான ஏரியை நாம் இந்த நிலையில் வைத்திருப்பது வெட்கப்படவேண்டியது.

நாங்கள் போன படகில் ஒருவர் ஒலிபெருக்கியில் விவரம் சொல்லிக்கொண்டு வந்தார். உயரம், எடை, ஒரே கல், முதல்வர் பெயர் எல்லாம் வந்தன. சிலை நீரில் விழுந்ததைக்கூட ஒரு சுவாரசியமான தகவலாகச் சொன்னார். 10 பேர் என்ற எண் மட்டும் வரவில்லை. அத்திம்பேர் என்னைப் பார்த்தார். "பார்த்தியா? கல் பொழைச்சுது, அதைச் சொல்றான். மனுஷா போனதை விட்டுட்டான்" என்றார்.

பீடத்தில் இறங்கியதும் எல்லோரும் புத்தரை நோக்கிக் காமிராவைத் திருப்பினார்கள். அத்திம்பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலைக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு, பிறகு கரைப்பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை.

மிதவையில் போன அந்தப் பத்துப் பேரும் அன்று காலை வேலைக்கு என்று சொல்லித்தான் வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பார்கள். நாம் அண்ணாந்து பார்க்கும் எந்தப் பெரிய கோபுரத்திலும், அணையிலும், பாலத்திலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள். ஹைதராபாத் செல்லும் அன்பர்கள் தங்கள் குழந்தைகளுக்கு 58 அடி என்றும் 350 டன் என்றும் சொல்லும்போது, 10 பேர் என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் அதுவும் ஒரு பகுதி.